கச்சேரியா, ஏலமா, பேர் போடாத போஸ்ட்கார்டா? குடும்ப வன்முறையில இருந்து மீண்டவங்களுக்காக கலை மூலமா காசு சேர்க்க எது சரிப்படும்

குடும்ப வன்முறையில இருந்து வெளிய வந்தவங்களுக்கு உதவற ஒரு அமைப்புக்காக ஏதாவது கலை நிகழ்ச்சி பண்ணி காசு சேர்த்துக் குடுக்கலாம்னு நாலஞ்சு பேர் உட்கார்ந்தா, பத்தே நிமிஷத்துல ஒருத்தர் கச்சேரி வைக்கலாம்பாரு, இன்னொருத்தர் ஓவிய ஏலம்பாரு, மூணாவது ஆள் எதுக்கு இவ்ளோ அலைச்சல் ஆன்லைன்லயே வித்துடலாமேம்பாரு, அதுக்கப்புறம் பேச்சு பூரா எதுல நிறைய வசூல் ஆகும்ங்கறதுலயே சுத்திச் சுத்தி வரும். எனக்கு அந்தக் கேள்வி மூணாவதுதான். மொதல் கேள்வி, இதனால யாருக்காவது ஆபத்து வருமா. ரெண்டாவது, செலவு எல்லாம் போக கையில என்ன நிக்கும். இந்த ரெண்டையும் கேட்டுட்டு வந்தா எல்லாரும் ஆசையா ஆரம்பிச்ச ஐடியா பின்னாடி போயிடும், யாருமே பெருசா யோசிக்காத ஒண்ணு முன்னாடி வந்து நிக்கும். எனக்கு அப்படி முன்னாடி வந்தது பேர் போடாத போஸ்ட்கார்டு விற்பனை, அதாவது யார் வரைஞ்சதுன்னு சொல்லாம போஸ்ட்கார்டு சைஸ் ஓவிய அட்டைகளை எல்லாம் ஒரே விலைக்கு விக்கறது. ஏன்னு கடைசில சொல்றேன், மத்ததையும் நியாயமா பார்த்துட்டு வருவோம்.

ஆபத்துன்னு பெரிய வார்த்தையா சொல்றேனேன்னு தோணலாம். ஒரு நூலகத்துக்கோ பூங்காவுக்கோ காசு சேர்க்கறதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான், இங்க உதவி வாங்கற ஆளை யாரோ ஒருத்தர் தேடிக்கிட்டு இருக்கலாம். வீட்டை விட்டுக் கிளம்பற நேரமும் அதுக்கடுத்து வர்ற மாசங்களும்தான் ரொம்ப மோசமான காலம்னு இந்த வேலையில இருக்கறவங்க எல்லாரும் சொல்லுவாங்க, அதனாலதான் நிறைய காப்பகங்கள் தங்களோட முகவரியையே வெளிய விடறதில்ல. ஆனா நிதி திரட்டறதோட குணமே நேர் எதிர், போட்டோ போடு, டேக் பண்ணு, நன்றி லிஸ்ட் போடு, எவ்ளோ பேருக்குத் தெரியுதோ அவ்ளோ நல்லது. இந்த ரெண்டும் எங்க முட்டிக்குதுன்னு ஒவ்வொரு ஆப்ஷன்லயும் பார்க்கணும்.

இன்னொண்ணும் மனசுல வெச்சுக்கோங்க. உலக சுகாதார நிறுவனம் 2021-ல வெளியிட்ட கணக்குப்படி உலகம் முழுக்க கிட்டத்தட்ட மூணு பெண்கள்ல ஒருத்தர் வாழ்நாள்ல ஒரு தடவையாவது உடல் ரீதியான இல்ல பாலியல் ரீதியான வன்முறையைப் பார்த்திருக்காங்க, அதுல பெரும்பகுதி கணவனோ துணையோ பண்ணது. அப்போ உங்க நிகழ்ச்சிக்கு வர்ற கூட்டம் "உதவி பண்ண வந்தவங்க", மேடைக்குப் பின்னாடி இருக்கறவங்க "பாதிக்கப்பட்டவங்க"ன்னு கோடு போட்டுப் பிரிக்க முடியாது. பார்வையாளர் வரிசையிலயே அனுபவிச்சவங்க இருப்பாங்க, சொல்லவே வேண்டாம், அடிக்கற ஆளும் டிக்கெட் வாங்கிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

சரி, கச்சேரி, நாட்டியம், நாடகம்னு மேடை நிகழ்ச்சியை எடுத்துக்குவோம். இதோட பலம் யாரும் மறுக்க முடியாதது, ஒரே ராத்திரியில நூத்துக்கணக்கான பேர் ஒரு இடத்துல கூடறாங்க, அமைப்போட பேர் அவங்க மனசுல பதியுது, மேடையில இருந்து கேட்டா கையில இருக்கறதைக் குடுக்கற மனநிலையில இருக்காங்க. பெண்களுக்கெதிரான வன்முறையை எதிர்த்து 1998-ல ஆரம்பிச்ச வி-டே இயக்கம் இந்த வழியில போனதுதான், ஒரு நாடகத்தோட உரிமைக் கட்டணத்தை வேண்டாம்னு விட்டுட்டு, வருஷா வருஷம் பிப்ரவரியை ஒட்டி அந்தந்த ஊர் ஆளுங்களே நடிச்சு, வந்த காசுல பெரும்பகுதியை அந்தந்த ஊர்லயே இந்த வேலை செய்யற அமைப்புகளுக்குக் குடுக்கற மாதிரி அமைச்சாங்க, அது பல நாடுகளுக்குப் பரவுச்சு. இதுல கவனிக்க வேண்டியது உரிமைக் கட்டண விஷயம். நல்ல காரியத்துக்குத்தானேன்னு யாரோ எழுதின நாடகத்தையோ யாரோ மெட்டுப்போட்ட பாட்டையோ அனுமதி இல்லாம மேடையேத்த முடியாது, நன்கொடை நிகழ்ச்சிங்கறதால லைசென்ஸ் தானா தள்ளுபடி ஆகிடாது, கேட்டா சில பேர் விட்டுக் குடுப்பாங்க அவ்ளோதான். ஆனா கேக்கணும், அதுவும் போஸ்டர் அடிக்கறதுக்கு முன்னாடி கேக்கணும்.

காசுக் கணக்குல மேடை நிகழ்ச்சி கொஞ்சம் ஏமாத்தும். ஹால் வாடகை, சவுண்டு, லைட்டு, இன்சூரன்ஸ், விளம்பரம், கலைஞர்களோட போக்குவரத்து இதெல்லாம் ஒரு ஆள் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் ஆகற செலவு. இதெல்லாம் சேர்ந்து 120 டிக்கெட்டோட விலைக்குச் சமம்னா, 121-வது டிக்கெட்ல இருந்துதான் அந்த அமைப்புக்கு ஒரு பைசா போகுது. 200 பேர் உட்கார்ற ஹால்ல 150 பேர் வந்தா பார்க்க நிறைஞ்ச மாதிரி இருக்கும், எல்லாரும் சந்தோஷமா கை தட்டிட்டுப் போவாங்க, மிச்சம் என்னமோ 30 டிக்கெட் காசுதான். மழை பேஞ்சா அதுவும் இல்ல. ஹாலை யாராவது சும்மா குடுத்தா, சவுண்டு ஸ்பான்சர் கிடைச்சா இந்தக் கணக்கு தலைகீழா மாறிடும், அதனால மேடை நிகழ்ச்சி வேணுமா வேண்டாமாங்கற முடிவு உங்களுக்கு யார் பாடத் தெரியும்ங்கறதுல இல்ல, யார் ஹால் குடுப்பாங்கங்கறதுல இருக்கு.

பாதுகாப்புப் பக்கம் பார்த்தா எனக்கு மேடைதான் அதிகம் பயம் குடுக்குது. அறிவிச்ச தேதி, அறிவிச்ச இடம், அறிவிச்ச நேரம், யார் வேணா டிக்கெட் வாங்கிட்டு வரலாம். அமைப்போட ஊழியர்கள் அங்க இருப்பாங்க, அவங்க கூட அவங்க உதவி பண்ற பெண்கள் இருப்பாங்கன்னு தேடற ஆளுக்குத் தெரியாதா என்ன. ஒவ்வொரு கையிலயும் கேமரா வேற. போட்டோவுக்கு ஒத்துக்கறவங்க, ஒத்துக்காதவங்கன்னு வேற வேற கலர்ல ரிஸ்ட் பேண்டு குடுக்கறது நல்ல பழக்கம்னு சொல்லுவாங்க, ஆனா யோசிச்சுப் பாருங்க, போட்டோ வேண்டாம்ங்கற கலரைக் கட்டினவங்க யாருன்னு கூட்டத்துக்கே காட்டிக் குடுத்த மாதிரி ஆகிடும், அதைவிட ஹாலுக்குள்ள யாரும் போட்டோவே எடுக்கக் கூடாது, வாசல்ல ஒரு மூலையில மட்டும் எடுத்துக்கலாம்னு ஒரே விதியா வெச்சுடறது மேல். திடீர்னு லைட்டை அணைக்கறது, வெடிச் சத்தம் மாதிரி எஃபெக்ட், மேடையில அடிக்கற காட்சி இதெல்லாம் இருந்தா முன்னாடியே சொல்லணும், கதவு பூட்டாம இருக்கணும், பக்கத்துல அமைதியா உட்கார ஒரு ரூமும் அதுல ஒரு பயிற்சி எடுத்த கவுன்சிலரும் இருக்கணும்.

அப்புறம் அந்த "பாதிக்கப்பட்ட ஒருத்தங்க மேடையேறி தன்னோட கதையைச் சொல்லுவாங்க" ஐட்டம். காசு நல்லா கொட்டும், அதுல சந்தேகமே இல்ல. எனக்கு அது சுத்தமா பிடிக்காது. அவங்களா விரும்பி, வெளிய வந்து பல வருஷம் ஆகி, பேசிப் பழகினவங்களா இருந்தா அது வேற. ஆனா போன மாசம் காப்பகத்துக்கு வந்தவங்ககிட்ட போய் கேட்டா அவங்க எப்படி மாட்டேன்னு சொல்லுவாங்க, படுக்க இடம் குடுத்திருக்கற அமைப்பு கேக்கறதை? அந்த சம்மதத்துக்கு சம்மதம்னு பேர் இல்ல. வேணும்னா அமைப்புல வேலை செய்யற ஒருத்தர் பொதுவா பேசட்டும், அது போதும்.

ஏலத்துக்கு வருவோம். ஏலத்துல கூட்டம் முக்கியமில்ல, ஒவ்வொரு பொருளுக்கும் விட்டுக் குடுக்காத ரெண்டு பேர் முக்கியம். ரெண்டாவது ஆள் இல்லைன்னா எவ்ளோ பெரிய ஓவியமும் ஆரம்ப விலையிலயே போயிடும். அதனால 60 பொருள் வெச்சு 100 பேரைக் கூப்பிட்டா ஏலம் படுத்துடும், 10, 12 பொருள் வெச்சு அதே 100 பேரைக் கூப்பிட்டா சூடு பிடிக்கும், கலைஞர்கள் ஆசையா குடுக்கறதை வேண்டாம்னு சொல்றது கஷ்டம்தான், ஆனா சொல்லித்தான் ஆகணும். விலையைக் கூவாம, பொருளுக்குப் பக்கத்துல இருக்கற தாள்ல அவங்கவங்க எழுதற மௌன ஏலமா இருந்தா ஆரம்ப விலையை மதிப்புல மூணுல ஒரு பங்கு, பாதின்னு வெச்சு, அடுத்த ஆள் குறைஞ்சது எவ்ளோ கூட்டணும்னு தாள்லயே எழுதி, எல்லா மேஜையையும் ஒரே நேரத்துல மூடாம கொஞ்சம் கொஞ்சமா மூடறது வழக்கம், கடைசி அஞ்சு நிமிஷத்துலதான் பாதி எழுத்து விழும்.

ஏலத்தோட பிரச்சனை வேற இடத்துல இருக்கு, கலைஞர்ங்ககிட்ட. ஊர்ல எந்த நல்ல காரியம்னாலும் மொதல்ல போய் நிக்கறது அவங்க வாசல்லதான். நாலு மாசம் வேலை செஞ்ச ஒரு கேன்வாஸை சும்மா குடுத்துட்டு, அது பாதி விலைக்குக் கூடப் போகாம எல்லாருக்கும் முன்னாடி நின்னா, அவங்களுக்கு நஷ்டம் ரெண்டு, ஒண்ணு வேலை, இன்னொண்ணு அடுத்த தடவை அந்த சைஸ் ஓவியத்துக்கு அவங்க கேக்கற விலை. வாங்கறவருக்கும் இனிமே ஏலத்துக்குக் காத்திருந்தா மலிவாக் கிடைக்கும்னு தோணிடும். இதுக்கு மேல கீழே போகக் கூடாதுன்னு ஒரு அடி விலையை ரகசியமா பேசி வெச்சுக்கறதும், விலையில ஒரு பங்கை, பாதின்னா பாதி, கலைஞருக்கே திருப்பிக் குடுக்கறதும்தான் மரியாதை. பாதி குடுத்தா அமைப்புக்குக் குறையாதான்னு கேக்கலாம். குறையும். ஆனா சும்மா வாங்கினா மீந்து போனது, அட்டிக்ல கிடந்தது வரும், பங்கு குடுத்தா நல்ல வேலை வரும், அந்த நல்ல வேலைக்கு அந்த ரெண்டாவது ஆள் வருவார்.

ஆன்லைன்ல விக்கறது செலவு கம்மிங்கறது உண்மை, ஹால் இல்ல, மழை இல்ல. பேமெண்ட் கம்பெனி எடுக்கற கமிஷனும் பேக்கிங்கும் மட்டும்தான், ஆனா படத்தை நெட்ல போட்டுட்டா திரும்ப எடுக்க முடியாது. பாதிக்கப்பட்டவங்க செஞ்சதை விக்கறதா இருந்தா மூணு விஷயம் பார்க்கணும். செல்போன்ல எடுத்த போட்டோவுக்குள்ள ஜிபிஎஸ் இடக்குறிப்பு ஒளிஞ்சிருக்கலாம், அதை எடுத்துட்டுத்தான் ஏத்தணும். பின்னாடி தெரியற ஜன்னல், சுவர், காலண்டர் எதுவும் வரக் கூடாது. பார்சல்ல அனுப்புனர் முகவரின்னு ஒரு இடம் இருக்கு பாருங்க, அதுல காப்பகத்தோட முகவரி போகவே கூடாது, தபால் பெட்டி எண்ணோ வேற ஒரு ஆபீஸ் முகவரியோதான் போகணும். இந்த மூணாவது விஷயம் கடைசி நாள் அவசரத்துல பார்சல் ஒட்டற வாலண்டியர் கையில இருக்குங்கறதுதான் கவலை.

ஒர்க் ஷாப் நடத்தி ஃபீஸ் வாங்கறது, அதாவது ஒரு ஓவியர் களிமண்ணோ பிளாக் பிரிண்ட்டோ சொல்லிக் குடுக்க, வர்றவங்க காசு கட்டறது, சின்ன வருமானம், ஆனா மாசா மாசம் நடத்தலாம், ஆபத்தும் கம்மி. பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, ஒண்ணைத் தவிர: காசு கட்டி வர்றவங்களோட ஒர்க் ஷாப்பையும் மீண்டவங்க தங்களுக்காக உட்கார்ந்து வரையற நேரத்தையும் ஒண்ணா கலக்காதீங்க. அவங்க வேடிக்கை பார்க்கற பொருள் கிடையாது.

இங்க ஒரு வழி விலகல். சில கலை வடிவங்களை நிதி திரட்டறதோட சேர்த்து யோசிக்கறாங்க, ஆனா அதுங்க காசுக்காகப் பிறந்ததில்ல. 1990-ல அமெரிக்காவுல கேப் காட் பகுதியில இருக்கற ஹையனிஸ்ல 31 சட்டைகளைக் கொடியில காயப் போட்ட மாதிரி தொங்கவிட்டு ஆரம்பிச்சது க்ளோத்ஸ்லைன் ப்ராஜெக்ட், வன்முறையை அனுபவிச்ச பெண்கள் சட்டையில எழுதி, வரைஞ்சு மாட்டுவாங்க, இறந்தவங்களுக்கு வெள்ளைச் சட்டை. அதே 1990-ல மினசோட்டாவுல துணையாலயோ தெரிஞ்சவங்களாலயோ கொல்லப்பட்ட 26 பெண்களுக்கு ஆளுயர சிவப்பு மர உருவங்கள் செஞ்சாங்க, கணக்குல வராமலே போனவங்களுக்காக 27-வதா ஒண்ணு சேர்த்தாங்க. மெக்சிகோவுல எலினா ஷாவேங்கற கலைஞர் 2009-ல சியுதாத் ஹுவாரஸ் நகரத்துல 33 ஜோடி சிவப்புச் செருப்புகளைத் தெருவுல அடுக்கி வெச்சாங்க, அவங்க தங்கச்சியே கணவனால கொல்லப்பட்டவங்க. இதெல்லாம் விலை போட முடியாத வேலைகள். உங்க நிகழ்ச்சியில இது மாதிரி ஒண்ணு வெக்கணும்னா நுழையற இடத்துல வெச்சுடுங்க, விற்பனை மேஜையில இருந்து தள்ளி. உண்டியலை அந்தச் சட்டைக்குக் கீழயே வெக்கறவங்களும் இருக்காங்க, வசூல் ஆகும்தான், எனக்கு என்னமோ உறுத்தும்.

இப்போ போஸ்ட்கார்டு. லண்டன்ல இருக்கற ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் 1994-ல ஆரம்பிச்ச முறை இது. ஒரே சைஸ் அட்டையைக் கலைஞர்களுக்கு அனுப்பிடுவாங்க, பெரிய பேரா இருந்தாலும் படிக்கற மாணவரா இருந்தாலும் அதே அட்டைதான், முன்பக்கம் வரையணும், கையெழுத்து பின்பக்கம், எல்லாத்தையும் நம்பர் போட்டு மாட்டி ஒரே விலைக்கு விப்பாங்க. வாங்கி முடிச்சுத் திருப்பிப் பார்க்கற வரைக்கும் யாரோடதுன்னு தெரியாது. அவங்க அதை மாணவர்களுக்கு உதவித்தொகை சேர்க்கத்தான் பண்ணாங்க. ஆனா அந்த அமைப்பைக் கொஞ்சம் மாத்தினா நம்ம விஷயத்துக்கு வேற எந்த முறையும் குடுக்காத ஒண்ணை அது குடுக்குது. மீண்டு வந்த ஒருத்தங்க வரைஞ்ச அட்டை, ஊரறிஞ்ச ஓவியரோட அட்டைக்குப் பக்கத்துல, அதே சைஸ்ல, அதே விலையில தொங்கும், எது யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது. பரிதாபப்பட்டு யாரும் வாங்க முடியாது. தேடற ஆளுக்கும் பேர் எதுவும் கிடைக்காது. மத்த முறைகள்ல மறைவுங்கறது நாம கஷ்டப்பட்டு கட்டற வேலி, இதுல விளையாட்டோட விதியே அதுதான், வாங்க வர்றவங்களும் அதைத்தான் ரசிச்சு வர்றாங்க.

மாத்தணும்னு சொன்னது எங்கன்னா பின்பக்கக் கையெழுத்துல. கலைஞர்கள் எல்லாம் பேரை எழுதி, மீண்டவங்க மட்டும் ஒரு சின்னக் குறியோ ஒண்ணுமே இல்லாமலோ விட்டா, திருப்பிப் பார்த்த அடுத்த நொடி "ஓ, இது அவங்களோடது"ன்னு ஆகிடும், நல்லா மறைச்சோம்னு நினைச்சு நாமளே அடையாளம் காட்டினதுதான் மிச்சம். அதனால விதி எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும், அட்டையில யார் பேரும் கிடையாது, நம்பர் மட்டும். விற்பனை எல்லாம் முடிஞ்சப்புறம் பேர் வெளியிடச் சம்மதிச்சவங்களோட லிஸ்ட்டை மட்டும் போடலாம். கலைஞர்கள்லயும் நல்ல எண்ணிக்கையில பேர் வேண்டாம்னு சொல்ற ஆளுங்களா பார்த்துக் கேட்டுப் பிடிக்கணும், லிஸ்ட்ல இல்லாத நம்பர் எல்லாம் மீண்டவங்களோடதுன்னு யாரும் கணக்குப் போட முடியாத அளவுக்கு. முழு லிஸ்ட் அமைப்புல ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்கட்டும், வாலண்டியர் வாட்ஸ்அப் குரூப்புல ஷேர் பண்ணாதீங்க, தயவு செஞ்சு.

அட்டையைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கற வாய்ப்பும் இருக்கு. பல வருஷம் ஒரே வீட்டுல இருந்தவனுக்கு அவங்க போடற எம்பிராய்டரி தெரியும், கையெழுத்து தெரியும், குழந்தை வரையற பூனை கூடத் தெரியும். அட்டைகளை மாட்டறதுக்கு முன்னாடி அமைப்போட ஊழியர் ஒருத்தர் வரைஞ்சவங்களோட உட்கார்ந்து ஒவ்வொண்ணா பார்த்துடணும், இதுல உங்களைக் காட்டிக் குடுக்கற மாதிரி எதுவும் இருக்கான்னு கேட்டுடணும். குழந்தைங்க அட்டையில ஸ்கூல் பேர், யூனிஃபார்ம் கலர், வீட்டு நம்பர் இதெல்லாம் சகஜமா வந்துடும். எல்லா அட்டையையும் போட்டோ எடுத்து நெட்ல போடறதையும் யோசிச்சுத்தான் செய்யணும், நான் கேட்டா கண்காட்சிச் சுவரோட தூரத்துப் படம் மட்டும் போதும்பேன்.

செலவுப் பக்கம் பார்த்தா அட்டை, தபால், மாட்டறதுக்குக் கயிறும் கிளிப்பும், சின்னதா ஒரு இடம். 300 அட்டையை ஒரு ஷூ பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போயிடலாம், ஓவிய ஏலத்துக்கு வேன் வேணும், இன்சூரன்ஸ் வேணும், ஃபிரேம் உடையும். கலைஞர்கிட்ட கேக்கறது நாலு மாச உழைப்பு இல்ல, ஒரு சாயங்காலம், அதனால மாட்டேன்னு சொல்றவங்க ரொம்பக் கம்மி, விலை எல்லாத்துக்கும் ஒண்ணுங்கறதால யாரோட மார்க்கெட்டும் கெடாது. வாங்கறவங்களும் ஏலத்துக்கு வர்ற பணக்காரங்க மட்டும் இல்ல, மாணவங்க கூட ஒண்ணு வாங்கிட்டுப் போகலாம்.

குறை இல்லையான்னா இருக்கு. வசூலுக்கு உச்சவரம்பு இருக்கு, அட்டை எண்ணிக்கையை விலையால பெருக்கினா அதுக்கு மேல ஒரு பைசா வராது, ஒருத்தர் உணர்ச்சிவசப்பட்டு பத்து மடங்கு குடுக்கற ஏல மேஜை மேஜிக் இதுல கிடையாது. தெரிஞ்ச பேர் ஒரு பத்து பதினஞ்சாவது கலந்திருந்தாத்தான் கூட்டம் வரும், அவங்க கலந்துக்கறாங்கன்னு மட்டும் விளம்பரம் பண்ணலாம், எந்த அட்டைன்னு சொல்ல வேண்டியதில்ல. பெரிய பேரோட ஸ்டைலைக் கண்டுபிடிச்சு வாங்கி மறுநாளே அதிக விலைக்கு விக்கறவங்க வருவாங்க, ஆளுக்கு இத்தனைதான்னு ஒரு வரம்பு வெச்சா ஓரளவுக்கு அடங்கும். விக்காம நிக்கற அட்டைங்கதான் நெஜமான சங்கடம், கடைசி வரைக்கும் சுவர்ல தனியா தொங்கற அட்டை மீண்டவங்களோடதா இருந்து அவங்க அதைப் பார்த்தா எப்படி இருக்கும்? கடைசி ஒரு மணி நேரத்துல மீதியை எல்லாம் உறையில போட்டு, எது வருதோ அதுன்னு விக்கறது ஒரு வழி, இல்லைன்னா வித்த அட்டையையும் சுவர்ல இருந்து எடுக்காம, வித்துடுச்சுன்னு காட்ட வழக்கமா ஒட்டற சிவப்புப் புள்ளியும் ஒட்டாம விட்டுடறது இன்னொரு வழி, எது நின்னுச்சுன்னு பார்க்கறவங்களுக்குத் தெரியாது. எனக்கு ரெண்டாவது பிடிக்கும், நிர்வாகம் கொஞ்சம் குழப்பம்தான், மேஜையில நம்பர் லிஸ்ட்டைப் பார்த்து இது போயிடுச்சு, இது இருக்குன்னு ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருக்கணும்.

எந்த முறையா இருந்தாலும் மீண்டவங்க செஞ்ச பொருளை விக்கறீங்கன்னா அவங்களுக்குக் காசு குடுங்க. இந்த வன்முறையில பணத்தைப் பிடுங்கி வெச்சுக்கறதும், சம்பளத்தைக் கையில குடுக்காம இருக்கறதும், வேலைக்குப் போக விடாததும் ஒரு பகுதி, அதுல இருந்து வெளிய வந்தவங்க உழைப்பை "அவங்களுக்காகவே"ன்னு சொல்லி சும்மா வாங்கறது எந்த ஊர் நியாயம்னு புரியல. அட்டைக்கு இவ்ளோன்னு முன்னாடியே சொல்லிடுங்க, வித்தாலும் விக்கலைன்னாலும். குடுக்கற முறையையும் கேட்டுக் குடுங்க, பேங்க் அக்கவுண்ட் இன்னும் கணவனோட ஜாயிண்ட்டா இருக்கலாம், அதுல போட்டா பணமும் போச்சு, எங்க இருந்து வந்துச்சுன்னு அவனுக்குத் தகவலும் போச்சு. சில பேருக்குக் கையில வர்ற வருமானத்தைப் பொறுத்து அவங்க வாங்கிட்டு இருக்கற உதவித்தொகை குறையலாம், அமைப்புல கேஸ் பார்க்கறவங்களுக்கு இது தெரியும், அவங்ககிட்ட ஒரு வார்த்தை. சம்மதப் படிவத்துல மனசு மாறினா எந்தத் தேதி வரைக்கும் திரும்ப வாங்கிக்கலாம்னு எழுதியிருக்கணும், காரணம் கேக்கக் கூடாது.

இதே மாதிரி டிக்கெட் வாங்கறவங்களோட பேங்க் ஸ்டேட்மெண்ட்ல என்ன பேர் வருதுன்னும் பாருங்க. வீட்டுக்குள்ள இன்னும் மாட்டிக்கிட்டு இருக்கற ஒருத்தங்க கூட உங்க அட்டையை வாங்கலாம், கணவன் பார்க்கற ஸ்டேட்மெண்ட்ல "குடும்ப வன்முறை எதிர்ப்பு நிதி"ன்னு வந்தா அவ்ளோதான். நிகழ்ச்சிக்குப் பொதுவா ஒரு பேர், ஏதோ ஓவியக் கண்காட்சின்னு மட்டும் தெரியற மாதிரி வெச்சா நல்லது. கன்ஃபர்மேஷன் மெயில் தலைப்பும் அப்படியே.

அப்போ யாருக்கு எது? ஹால் சும்மா கிடைக்குது, பாடறவங்க ஆடறவங்க உங்களுக்குள்ளயே இருக்காங்க, அமைப்புக்குப் பணத்தைவிட ஊருக்குள்ள பேர் தெரியறது முக்கியம்னா மேடைக்குப் போங்க, மீண்டவங்களை அன்னிக்கு அங்க எதிர்பார்க்காதீங்க. நல்ல வசதியான 50 பேரைத் தனிப்பட்ட முறையில கூப்பிடற தொடர்பு உங்களுக்கு இருந்தா, ஒரு பெரிய தொகை ஒரே தடவையில தேவைப்பட்டா, உதாரணமா காப்பகத்துக்கு வேன் வாங்கணும் கூரை மாத்தணும்னா, 10 பொருளோட ஏலம்தான் சரி, போஸ்ட்கார்டு அங்க போதாது. ரெண்டும் இல்லாத சாதாரண குழு, கையில முதல் இல்ல, நஷ்டம் தாங்காது, மீண்டவங்களும் பங்கெடுக்கணும்னு விருப்பப்படறாங்கன்னா போஸ்ட்கார்டு. அதோட வாசல்ல மாசா மாசம் சின்னத் தொகை குடுக்கறதுக்குப் பதிவு பண்ற ஒரு க்யூஆர் கோடும் வெச்சுடுங்க, அட்டையில வர்றதைவிட வருஷக் கடைசியில அதுல வந்தது பெருசா இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன், ஏன்னா அமைப்புக்கு வாடகையும் சம்பளமும் மாசா மாசம்தான் வருது.

குடுக்கற காசை "குழந்தைங்க விளையாட்டுப் பொருளுக்கு மட்டும்" மாதிரி கட்டிப் போடாதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தங்க வந்தா அவங்களுக்குத் தேவை டாக்ஸி, புது சிம் கார்டு, கதவுக்குப் புதுப் பூட்டு, தொலைஞ்ச அடையாள அட்டைக்கு ஃபீஸ், வீட்டு அட்வான்ஸ், வக்கீல், இதுக்கெல்லாம் தனித்தனியா யாரும் நன்கொடை தர மாட்டாங்க, போஸ்டர்லயும் அழகா இருக்காது. எதுக்கு வேணா செலவு பண்ணிக்கலாம்னு எழுதிக் குடுக்கற காசுதான் அவங்களுக்கு ரொம்ப உபயோகம்.

தேதி பத்தி ஒண்ணு. நவம்பர் 25 பெண்களுக்கெதிரான வன்முறையை ஒழிக்கற சர்வதேச தினம், 1960-ல டொமினிகன் குடியரசுல கொல்லப்பட்ட மிராபால் சகோதரிகளோட நினைவு நாள், ஐநா பொதுச் சபை 1999-ல அறிவிச்சது, அங்க ஆரம்பிச்சு டிசம்பர் 10 மனித உரிமை தினம் வரைக்கும் 16 நாள் இயக்கம் 1991-ல இருந்து நடக்குது. எல்லாருக்கும் அந்த 16 நாள்லதான் நிகழ்ச்சி வெக்கணும்னு தோணும், ஆனா அந்த நேரத்துல அமைப்போட ஊழியர்கள் பேட்டி, ஊர்வலம், கூட்டம்னு ஓடிக்கிட்டு இருப்பாங்க, அட்டையை ஒவ்வொண்ணா உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்காது. எல்லாரும் மறந்துபோற ஏதாவது ஒரு மாசம் பாருங்க. அட்டையைக் கலைஞர்களுக்கு அனுப்பி எட்டு வாரமாவது டைம் குடுங்க, ஆறாவது வாரத்துல ஞாபகப்படுத்தினாத்தான் பாதி பேர் வரையவே ஆரம்பிப்பாங்க.

அட்டை பிரிண்ட் அடிக்கக் குடுக்கறதுக்கு முன்னாடி மொதல்ல அமைப்புக்குப் போன் போட்டு, இது வேணுமான்னே கேட்டுடுங்க, சில இடத்துல அவங்களுக்கு இப்போ தேவை காசு இல்ல, ராத்திரி ஹெல்ப்லைன் எடுக்க ஆள்ம்பாங்க.